பழகிய வீடு

அந்த விலையை வீட்டுக்கு வெளியே நின்று பேசியிருக்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்து பேசியிருக்கலாம். எதிரே இருந்த பேக்கரியில் ஆளுக்கு ஒரு டீயைச் சொல்லிவிட்டுப் பேசியிருக்கலாம். நல்லசிவம் ஹாலின் நடுவில் நின்றுகொண்டு, நாலு சுவரையும் பார்த்தபடி பேசினான். வீடு கேட்டுக்கொண்டிருந்தது.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜராக இருக்கிறவன். பொருளைக் குறை சொல்லித்தான் அவனுக்குச் சம்பளம். செப்புக் கம்பி வந்தால் நிறம் மட்டம் என்பான், வார்ப்பு வந்தால் எடை குறைவு என்பான். சந்தையில் ஒரு கொத்தமல்லிக் கட்டை எடுக்கும்போதுகூட, யாரோ தலையில் கட்டுகிறார்கள் என்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் எடுப்பான். அப்படிப்பட்டவனிடம் வடவள்ளியில் நாலரை சென்ட் மனையில் நிற்கிற ஒரு பழைய வீட்டுக்கு இரண்டே முக்கால் கோடி என்றால் என்ன ஆகும்? அதே வீதியில் அதே அளவு வீடு போன மாதம்தான் இரண்டு கோடிக்குக் கைமாறியிருந்தது.

அதனால்தான் ரெஜினாவை அழைத்துக்கொண்டு வந்திருந்தான். ரெஜினா வீடுகளை மதிப்பிட்டுச் சொல்கிறவள். சுவரில் கையடக்கமான ஒரு கருவியை ஒட்டவைத்து, அறை அறையாக நடந்து முடித்து, ஹாலுக்கு வந்து நின்றாள். கடனை அடைக்க வீட்டை விற்கிற வீட்டுக்காரர் மௌலீஸ்வரன் ஒரு ஓரமாகக் கைகட்டி நின்றிருந்தார். சோபாவில் நல்லசிவத்தின் மனைவி கோகிலவாணியும், அவள் மடியில் தலைவைத்து ஆறு வயது நறுமுகையும்.

"மூணு கணக்குங்க சார்," என்றாள் ரெஜினா. "மண்ணுக்கு ஒரு வெல. கட்டடத்துக்கு ஒரு வெல, அது வருஷா வருஷம் தேயும். மூணாவது பழக்கம். அது வருஷா வருஷம் ஏறும்."

"பழக்கத்துக்கா முக்கால் கோடி?"

"சாதாரண வீடுன்னா பழக்கத்துக்கு யாரும் பத்துப் பைசா தர மாட்டாங்க. யாரு எப்பக் குளிப்பாங்க, எந்த ரூமுல ஃபேனு எவ்வளவு வேகமா ஓடணும்னு வீடு தெரிஞ்சு வெச்சிருக்கும். அடுத்தவங்க குளிக்கற நேரம் நமக்கு எதுக்குங்க? துடைச்சுட்டுத்தான் விப்பாங்க. இந்த வீடு வேற மாதிரி."

வேறு மாதிரி என்பது நல்லசிவத்துக்கும் தெரியும். அதற்காகத்தான் வந்திருந்தார்கள். மௌலீஸ்வரனின் மகன் விதுனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. பையனின் மூச்சையும் நடையையும் விழி சிமிட்டலையும் வருடக்கணக்காகக் கவனித்துக் கவனித்து, வலிப்பு வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னாலேயே சொல்லிவிட இந்த வீடு கற்றுக்கொண்டிருந்தது. ஊரில் எந்த மருத்துவமனையிலும் இல்லாத வித்தை. நறுமுகைக்கும் அதே வியாதி. மூன்று வயதில் ஆரம்பித்தது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று நினைத்தபோது வரும். பள்ளிக்கூடப் படியில் வந்து முன்பல் போயிருந்தது. டி.வி.க்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது, கோயில் திருவிழாவில் மின்னி மின்னி எரிகிற சீரியல் விளக்குகளைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோகிலவாணி பேங்க் வேலையை விட்டுவிட்டாள். இரவில் மகளின் நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் படுப்பாள். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது.

"எப்படிங்க இது கத்துக்குது?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"பரீட்சை எழுதற புள்ளைங்க மாதிரிதாங்க. வீடு ஒண்ணு சொல்லி அது சரியாப் போச்சுன்னா, வீட்டுக்கு மூளை வெச்ச கம்பெனி அதுக்கு மார்க் போடும். மார்க் கெடைச்ச வழியிலயே மறுபடியும் போகும். எல்லா வீடும் அப்படித்தான் வளருது." ரெஜினா கருவியைப் பார்த்தாள். "இந்த வீட்டோட கணிப்பு நூத்துக்கு நூறு. இவ்வளவு நாள் இந்த வேலைல நான் பாத்ததில்லீங்க. வெல எச்சுன்னு என்னால எழுத முடியாது."

மௌலீஸ்வரன் தரையைப் பார்த்துச் சிரித்தார்.

நூற்றுக்கு நூறு என்ற சொல் நல்லசிவத்துக்கு எங்கோ உறுத்தியது. ஒரு சரக்குக்கூடத் திரும்பி வராத சப்ளையர் என்றால், சரக்கைச் சோதிக்கிறவனுக்கு எங்கிருந்தோ நல்ல சாப்பாடு போகிறது என்று அர்த்தம். இருபது வருட அனுபவம் அது. ஆனால் அதை நினைத்துக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை. விலையைக் குறைக்க வேண்டும். குறைக்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"ஏனுங்க மௌலி சார், இந்தப் பழக்கம் எங்களுக்கு எதுக்குங்க?" என்று ஆரம்பித்தான். "என்ற பொண்ணுக்கு இப்பப் பரவால்லீங்க. மாத்திரையிலயே சரியாகிட்டு வருது. இன்னும் ஆறு மாசம் போனா ஒண்ணுமே வேண்டாமுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பேசாம இதைத் துடைச்சுட்டு வெறும் வீடாக் குடுங்க. ரெண்டு கோடி. இப்பவே பேசி முடிச்சுக்கலாம்."

கோகிலவாணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. சும்மா இரு என்று அவன் கண்ணாலேயே சொன்னான்.

"துடைக்கறதா?" மௌலீஸ்வரனின் முகம் மாறிவிட்டது. அவர் நல்லசிவத்தைப் பார்க்காமல் சீலிங்கைப் பார்த்தார். "அப்படியெல்லாம் இங்க பேச வேண்டாமுங்க. வாங்க, வெளிய போய்ப் பேசிக்கலாம்."

"வெளிய எதுக்குங்க? இதுல மறைக்க என்ன இருக்குது? எனக்கு வேண்டாத பொருளுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?"

நடுப்பகல் நேரம். ஜன்னல் வழியாக நல்ல வெயில். ஹாலின் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. வெளிச்சத்தில் ஏதோ இழை மாறியது போல நல்லசிவத்துக்குத் தோன்றியது. மேகம் வந்திருக்கும் என்று நினைத்தான்.

"பாப்பா, கீழ உக்காரு சாமி," என்றது ஒரு பெண் குரல்.

அது சுவரிலிருந்து வந்தது. இயந்திரக் குரல் இல்லை. பிள்ளைக்குச் சோறூட்டுகிற ஒரு தாயின் குரல் அது, கொஞ்சம் கரகரப்போடு. "அம்மிணி, அந்தத் தலகாணிய எடுத்துக்கோங்க," என்றது அடுத்து. கோகிலவாணி யோசிக்கவில்லை. மகளை வாரித் தரையில் படுக்கவைத்தாள், தலையணையை எடுத்தாள், பக்கத்தில் இருந்த டீப்பாயை மௌலீஸ்வரன் காலால் தள்ளிவிட்டார். நறுமுகை "எனக்கு ஒண்ணும் ஆகலம்மா" என்று சொன்னாள். சொல்லி முடித்ததும் அவள் கண்கள் மேலே போயின.

அதுவரை நறுமுகைக்கு இத்தனை பத்திரமாக வலிப்பு வந்ததே இல்லை. தலை எதிலும் மோதவில்லை, நாக்கு கடிபடவில்லை. வீடு வெளிச்சத்தைக் குறைத்து, ஃபேனை மெதுவாக்கி, "முடிஞ்சுது சாமி, இதா முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. முடிந்தது. கோகிலவாணி மகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அவள் ஆறுதலில் அழுவதை நல்லசிவம் பல வருடங்களுக்குப் பிறகு பார்த்தான்.

"பொய் சொல்லிப் பாத்தீங்களே," என்றாள் அவனிடம், எல்லோர் முன்னாலும். "வீடு சொல்லிருச்சு பாருங்க."

அதற்குப் பிறகு பேரம் எங்கே? அமாவாசை அன்று அட்வான்ஸ் கொடுத்தார்கள். கோகிலவாணியின் நகை பாதிக்குமேல் அதில் போனது. அவள் கழுத்தில் தாலிக்கொடி மட்டும் மிச்சம், அதையும் கேட்டிருந்தால் யோசித்திருக்க மாட்டாள்.

கிரயத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் வீடு குழந்தையோடு பழகிக்கொள்ளட்டும் என்று மௌலீஸ்வரன் சாவியைக் கொடுத்திருந்தார். அவர் குடும்பத்தோடு ஏற்கெனவே கிணத்துக்கடவுப் பக்கம் குடிபோய்விட்டார். சனி ஞாயிறுகளில் கணபதியிலிருந்த வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு இவர்கள் வடவள்ளிக்குப் போனார்கள். போன ஒவ்வொரு தடவையும் நறுமுகைக்கு வலிப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் வீடு முன்கூட்டிச் சொன்னது. கோகிலவாணி பக்கத்து அறையில் பகலில்கூடக் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். அவள் கன்னத்தில் சதை போட்டது. குழந்தைதான் வாடிக்கொண்டு வந்தது.

"இப்ப அடிக்கடி வருதே கோகிலா," என்றான் நல்லசிவம் ஒருநாள்.

"வளர்ற வயசுங்க. டாக்டர்கிட்டக் கேக்கலாம். நல்லவேளை, இந்த நேரத்துல இந்த வீடு கெடைச்சுது."

நறுமுகை மட்டும் காரில் ஏறும்போதெல்லாம் முரண்டு பிடித்தாள். "அந்த வீடு வேண்டாம்பா. அங்க வெளிச்சம் சத்தம் போடுது."

"வெளிச்சம் எப்படிக் கண்ணு சத்தம் போடும்?"

"ஈ மாதிரி. கண்ணுக்குள்ள."

குழந்தைகள் ஆயிரம் சொல்லும். நல்லசிவம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுடைய மனம் வேறு கணக்கில் இருந்தது. கிரயத்துக்கு முன்னால் இன்னும் ஒரு பத்தாவது குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஒரு சப்ளையர் எவ்வளவு தூரம் இறங்குவான் என்பது அவன் காட்டுகிற சரக்கில் தெரியாது, அவனுடைய பட்டறைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். கூரை ஒழுகுகிறதா, ஆட்களுக்குச் சம்பளம் பாக்கியா என்று பார்த்துவிட்டால் பேச்சு சுலபம். வீட்டுக்கும் அதே கணக்குதான். விற்கிறவன் இப்போது எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறான் என்று போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலை வேளையில் கிணத்துக்கடவுக்குப் புறப்பட்டான்.

அது பழைய ஓட்டு வீடு. சுவரில் காது கிடையாது, தட்டினால் டக்கென்று சத்தம் போடுகிற ஸ்விட்சுகள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கொய்யா மரம். மரத்தின் உச்சிக் கிளையில் பத்து வயதுப் பையன் ஒருவன் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு பழம் பறித்துக்கொண்டிருந்தான்.

நல்லசிவம் மரத்தடிக்கு ஓடினான். வாரா வாரம் வலிப்பு வருகிற பையன் என்று மௌலீஸ்வரன் சொன்ன பையன்தானே இவன்? "டேய் தம்பி, எறங்குடா! யாருங்க வீட்டுல? பையன் மரத்துல!" என்று கத்தினான்.

உள்ளேயிருந்து கை துடைத்தபடி ஒரு பெண் வந்தாள். பதறாமல் வந்தாள். மரத்தை அண்ணாந்து பார்த்து, "போதும் சாமி, எறங்கி வா. வீட்டுக்கு ஆளு வந்திருக்காங்க," என்றாள்.

அந்தக் குரலை நல்லசிவம் அறிவான். அதே கரகரப்பு, அதே சாமி. ஒரு மாதமாக அவன் மகளைத் தரையில் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் குரல்தான். சுவருக்குள் கேட்டுப் பழகிய குரல் இப்போது ஒரு வாயிலிருந்து வந்தது, வீடு பேசக் கற்றது இவளிடம்தான்.

"வீடு வாங்கற அண்ணாங்களா?" என்றாள் மௌலீஸ்வரனின் மனைவி சுகந்தி. "உக்காருங்ணா. அவரு பொள்ளாச்சி போயிருக்காரு."

"பையனை இப்படி மரத்துல ஏற விடறீங்களே அம்மிணி?"

அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். விதுன் கொய்யாப் பழங்களைச் சட்டையில் கட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டி ஓடினான். அவன் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அவள் பேசினாள்.

"இங்க வந்தப்பறம் அவன் ஒரு தடவகூட விழுகலீங்ணா."

"மருந்து மாத்தினீங்களா?"

"மருந்தே நிறுத்தியாச்சு."

நல்லசிவம் டம்ளரைக் கீழே வைத்தான். "எப்படி அம்மிணி?"

"மாசத்துல ஒரு நாள் கரண்ட்டு ஷட்டவுன் வருமில்லீங்ணா, பராமரிப்புன்னு. காலைல போனா சாயங்காலந்தான் வரும்," என்றாள் சுகந்தி. "மொதல்ல பேட்டரி தாங்குச்சு. அது பழசானப்பறம் ஷட்டவுன் அன்னிக்கு வீடு செத்துக் கெடக்கும். அன்னிக்கெல்லாம் இவனுக்கு வலிப்பு வந்ததே இல்ல. ஒரு தடவ, ரெண்டு தடவ, நான் கண்டுக்கல. அப்பறம் கவனிச்சேன். வீடு உயிரோட இருந்தாத்தான் வருது."

"வீடு வர்றதச் சொல்லுதுன்னுதானே..."

"ஆரம்பத்துல சொல்லுச்சுங்ணா. நெசமாவே சொல்லுச்சு. அது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவின்னு உங்களுக்கே தெரியும். வளர வளர இவனுக்குச் சரியாகிட்டே வந்துது. வலிப்பு வரலைன்னா வீடு என்னத்தச் சொல்லும்? சொல்லலைன்னா மார்க் யாரு போடுவா?" அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். "விளக்கைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்துல துடிக்கவிடுதுங்ணா. பெரியவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மொதல்ல துடிக்கவிடும், அப்பறம் கீழ உக்காருன்னு சொல்லும். அது கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். அதுக்குக் கெட்டது நல்லது தெரியாது. சரியாச் சொல்லோணும், அவ்வளவுதான் அதுக்கு."

வெளியே ஒரு ஆட்டோ போனது. நல்லசிவத்துக்கு வடவள்ளி ஹால் நினைவுக்கு வந்தது. தான் நின்ற இடம், கைநீட்டிப் பேசிய பேச்சு.

"அன்னிக்கு நீங்க வந்தப்ப, பாப்பாவுக்குச் சரியாகிட்டு வருதுன்னு அங்கயே நின்னு சொன்னீங்களாமே," என்றாள் சுகந்தி, அவன் நினைப்பது தெரிந்ததுபோல. "துடைச்சுக் குடுங்கன்னும் கேட்டீங்களாம். அதுக்குக் கேக்கற மாதிரி அப்படிச் சொல்லக் கூடாதுங்ணா. விதுனுக்கு மாத்திரையக் குறைக்கலாம்னு டாக்டர் சொன்னத நாங்க ஹால்ல உக்காந்து சந்தோசமாப் பேசிட்டிருந்தோம். அன்னிக்குத்தான் எங்கூட்டுல இது ஆரம்பிச்சுது."

"உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுது அம்மிணி?"

"போன வருஷம் சித்திரைல."

"வீட்டைக் காலி பண்ணுனது?"

"இந்தத் தையில."

தெரிந்த பிறகும் ஒன்பது மாதம் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்று அவன் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"சொல்லிட்டு வருமுங்ணா. அதுதான். சொல்லாம வந்துட்டிருந்த காலத்த நீங்க அனுபவிச்சுட்டுத்தான் இருக்கீங்க, உங்களுக்குப் புரியும். வாரத்துக்கு ஒண்ணு வந்தாலும் தலகாணி மேல வருது. நான் நிம்மதியாத் தூங்குனேன். இன்னைக்கு விட்டரலாம், அடுத்த வாரம் விட்டரலாம்னு நாளு போயிருச்சு. இப்பப் பாருங்க, இவன் மரத்துல ஏர்றான், எனக்குத் தூக்கம் போயிருச்சு. யாரு சொல்லுவா எனக்கு?"

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே!" நல்லசிவத்துக்குக் கோபம் இப்போதுதான் வந்தது. "பெத்தவங்கதானே நீங்களும்?"

"ஆஸ்பத்திரிக் கடனுங்ணா. துடைச்சு வித்தா அது அடையாது." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "அவரு சொன்னாரு, அந்த அம்மா மூஞ்சியப் பாத்தேன், தெரிஞ்சாலும் அவங்க வாங்கத்தான் செய்வாங்கன்னு."

திரும்பி வரும் வழியில் ரெஜினாவுக்குப் போன் போட்டான். கேட்டதையெல்லாம் சொன்னான். "நிரூபிக்க முடியாதுங்க சார்," என்றாள் அவள். "எல்லாத் தடவையும் எச்சரிக்கைதான் முன்னாடி, வலிப்பு பின்னாடி. கம்பெனிக்காரங்க அதைத்தான் காட்டுவாங்க. விளக்கு துடிக்கறத அளக்கற கருவி என்கிட்ட இல்ல. இனிமே வாங்கி வெச்சுக்கறேன்." அவளை எப்படிக் குற்றம் சொல்வது? உறுத்தியதை விழுங்கிக்கொண்டு நின்றவன் அவன்தான். மௌலீஸ்வரனைக் கூப்பிட்டு, துடைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். ஒரு ரூபாய் குறைக்காமல் தருகிறேன் என்றுகூடச் சொல்லியிருப்பான், ஆனால் அவ்வளவு பணத்தை வெறும் வீட்டுக்கு எந்த பேங்க்கும் கடன் தராது. துடைப்பதில்லை என்று மௌலீஸ்வரன் முடிவாகச் சொல்லிவிட்டார். முடியாது என்றால் அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன், வேறு பார்ட்டி தயாராக இருக்கிறது என்றார்.

கோகிலவாணி வாடகை வீட்டின் பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நல்லசிவம் எல்லாவற்றையும் சொன்னான். கொய்யா மரம், ஷட்டவுன், சித்திரை, தை, எதையும் விடவில்லை. அவள் ஒவ்வொரு துணியாக உதறிக் கிளிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சுங்க," என்றாள்.

"எதும்மா?"

"முகை எங்கிட்டயும் சொன்னா, வெளிச்சம் சத்தம் போடுதுன்னு. ஒரு நாள் ஹால் விளக்கெல்லாம் அணைச்சுப் பாத்தேன். அன்னிக்கு வரல."

"அப்பறமும் ஏன் கோகிலா போட்டே?"

"அணைச்சா வீடு பேச மாட்டேங்குது." கடைசித் துணியையும் போட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். கண்ணில் நீர் இல்லை. "இங்க எப்ப வரும்? சொல்லுங்க பாக்கலாம். படியிலயா, பாத்ரூமுலயா, பஸ் வர்றப்ப ரோட்டுலயா? அங்க எப்ப வரும்னு எனக்குத் தெரியும். எந்த எடத்துல வரும்னு தெரியும். இந்த ரெண்டுல எது பரவால்லைன்னு நீங்களே சொல்லுங்க. வெல பேசறதுல கெட்டிக்காரராச்சே."

"அதுக்காக நாமளே புள்ளைய விழுத்தாட்டறதா? நாம தூங்கறதுக்கு?"

"நாம இல்லீங்க. நீங்க மூணு வருஷமாத் தூங்கிட்டுத்தான் இருக்கீங்க."

உண்மையை எப்படி மறுப்பது? அவள் ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, வளர்பிறை முகூர்த்தத்தில் கிரயத்தை வைத்துக்கொள்ளலாம் என்றாள். அவன் கையெழுத்துப் போடாவிட்டால் தன் அண்ணனைக் கூப்பிட்டு அண்ணன் பேரிலேயே வாங்குவாளாம். மிரட்டலாகச் சொல்லவில்லை. ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள்.

ஆபீசில் அவனுக்கு வேலை ஓடவில்லை. அவள் செய்வாள், அது அவனுக்குத் தெரியும். தூக்கம் கெட்டவளிடம் நியாயம் பேச முடியாது. மௌலீஸ்வரன் மாற மாட்டார். வீட்டுக்கு மூளை வைத்த கம்பெனி தப்பை ஏற்காது. அந்த வீடு விலைக்கு இருக்கிறவரை கோகிலவாணி அதை நோக்கித்தான் நடப்பாள், நறுமுகையைக் கையில் பிடித்துக்கொண்டு. மூன்று நாள் இதையே சுற்றிச் சுற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, குடோனில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அண்ணா, நான் திருப்பூர்ல இருந்து ஹேமலதா பேசறனுங்க. வடவள்ளி வீட்டுக்கு நீங்கதான் மொதல் பார்ட்டின்னு புரோக்கர் சொன்னாரு. நீங்க வாங்கலைன்னா நாங்க பாக்கலாம்னு. தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? உங்களுக்கும் வலிப்பு இருக்கற குழந்தைன்னு சொன்னாங்க."

"ஆமாங்க."

"எங்களுக்குப் பையனுங்ணா. எங்கூட்டுக்காரரு வெல ரொம்ப எச்சுங்கறாரு. பக்கத்துல ரெண்டு கோடிக்கே போகுதாமே. நீங்க பர்ச்சேஸ்ல இருக்கறவரு, உங்களுக்குத் தெரியுமில்லீங்க. நீங்க ஏன் யோசிக்கறீங்க? வெல எச்சுன்னுங்களா, இல்ல வேற ஏதாச்சுங்களா?"

நல்லசிவம் குடோனின் வெயிலில் வந்து நின்றான். சொல்லிவிடலாம். நாலு வார்த்தை போதும். சொன்னால் இவள் வாங்க மாட்டாள். அதற்கடுத்து வருகிறவளும் இவளிடம் கேட்டுவிட்டு வாங்க மாட்டாள். வீடு அங்கேயே நிற்கும். வளர்பிறை முகூர்த்தம் வரும். அவன் மகளை அந்த ஹாலில் ஒரு குரல் சாமி என்று கூப்பிடும்.

"வேற ஒண்ணுமில்லீங்க," என்றான். "எங்களுக்குப் பணம் பொரட்ட முடியல. அவ்வளவுதான்."

"அப்ப வெல?"

"வெல சரியாத்தானுங்க இருக்குது. தாமசம் பண்ணாம முடிச்சுக்கோங்க."

அந்தப் பக்கம் அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "உங்க பாப்பா நல்லா இருக்கோணுமுங்ணா," என்றாள். பையனின் பெயர் லக்ஷித் என்றாள், ஏழு வயது என்றாள், கிரிக்கெட் என்றால் உயிர் என்றாள். நல்லசிவம் எதையும் கேட்டிருக்கவில்லை.

நல்லசிவம் அன்றே மௌலீஸ்வரனிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டான், முகூர்த்தம் வருவதற்குள் வீடு ஹேமலதாவின் கைக்குப் போய்விட்டது. கோகிலவாணி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அட்வான்ஸ் திரும்பி வந்ததும் நகைகளை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள், ஒன்றையும் போட்டுக்கொள்ளவில்லை. நறுமுகைக்கு அடுத்த வலிப்பு ஆடிக்குப் பிறகு, மாடிப்படியில் வந்தது. நல்லசிவம் இரண்டு படி தள்ளி இருந்தான். பாய்ந்து பிடித்தும் குழந்தையின் புருவத்தில் மூன்று தையல். அன்றிலிருந்து இரவில் பாதிக்குமேல் அவன்தான் விழித்திருக்கிறான், மகளின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. அந்தக் கையை வைத்த பிறகுதான் மூன்று வருடம் என்றால் என்ன என்று அவனுக்கு விளங்கியது. கோகிலவாணி இப்போது கொஞ்சம் தூங்குகிறாள். கோபம் முழுதும் போகவில்லை, ஆனாலும் தூங்குகிறாள்.

தீபாவளி கழிந்து ஹேமலதா கூப்பிட்டாள். எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தான். கை எடுத்துவிட்டது.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா? ரொம்ப நாளாப் பேசோணும்னு இருந்தேன். நீங்க அன்னிக்குத் தைரியம் சொல்லலைன்னா நாங்க வாங்கியிருக்கவே மாட்டோம். எங்கூட்டுக்காரரே இப்ப, குடுத்த காசுக்கு மேலயே இருக்குதுங்கறாரு."

"பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதை ஏனுங்ணா கேக்கறீங்க. திருப்பூர்ல இருந்தப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவதான் வரும். இங்க வந்த நேரமோ என்னமோ, இப்ப வாரா வாரம் வருது. பள்ளிக்கூடம் நிறுத்தியாச்சு. கிரிக்கெட்டெல்லாம் எங்க? வெளியவே அனுப்பறதில்ல. ஆனா ஒரு தடவகூட வீடு சொல்லாம விட்டதில்லீங்ணா. இந்த வீடு மட்டும் இல்லைன்னா எங்க கதி என்னாயிருக்கும், நீங்களே நெனச்சுப் பாருங்க."

"ஆமாங்க," என்றான் நல்லசிவம்.